கைப்பணி படிக்க விரும்பும் மகள்: ஒட்டுசுட்டான் தாயார் ஒருவருக்குப் பதில்

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்த உங்கள் மகள், கைபேசியில் மதுபனி ஓவியங்களைப் பார்த்து வரைந்து பழகி, இப்போது இந்தியாவுக்குப் போய்க் கைப்பணிக் கலைதான் படிப்பேன் என்று நிற்பதாகவும், "ஓலை இழைச்சு நாங்கள் பட்டது காணாதோ" என்று நீங்கள் மறுத்த நாளிலிருந்து வீட்டில் முகங்கொடுத்துப் பேச்சில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பனையின் இளங்குருத்தோலையான சார்வோலையை வார்ந்து, சாயம் போட்டு, பெட்டி இழைத்துச் சந்தைக்குக் கொண்டுபோனால், கிடைக்கிற காசு அந்த நாட்களின் கூலிக்கும் கட்டாது என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

ஆயினும், மகள் விரும்பும் அந்த ஓவியத்தின் கதையையே சற்றுப் பாருங்கள். பீகாரின் மிதிலைப் பகுதியில் பெண்கள் திருமண வீட்டுச் சுவர்களிலும் முற்றத்திலும் தலைமுறை தலைமுறையாக வரைந்து வந்தார்கள். அதற்கு எவரும் காசு கொடுத்ததில்லை. 1966, 67 ஆம் ஆண்டுகளில் கடும் வறட்சி வந்தபோது, அகில இந்தியக் கைவினை வாரியம் பம்பாயிலிருந்து பாஸ்கர் குல்கர்ணி என்ற ஓவியரை அனுப்பி, சுவரில் வரைந்ததையே காகிதத்தில் வரையச் செய்து, விற்பனைக்கு வழி திறந்தது. அவ்வாறு வரைந்தவர்களில் ஒருவரான ஜகதம்பா தேவி 1975 இல் பத்மஸ்ரீ பெற்றார். கையும் கோடும் பழையவைதான். வரையும் தளமும் வாங்குபவரும் மாறினர். அங்கும் இன்றுவரை இடைத்தரகருக்குக் கொடுத்து நட்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டின் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையிலும் இதுபோன்ற ஒன்றைக் காணலாம். கோரையை நீரில் ஊறவைத்து, மயிரிழை போலக் கிழித்து, பாவாக ஓட்டிய பருத்தி அல்லது பட்டு நூலில் நெய்வதால், அந்தப் பாய் துணிபோல மடிகிறது. அந்த ஊருக்கே உரிய பொருள் என்று காட்டும் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. பன் புல்லில் இழைக்கும் நமது பன்பாய்க்கு அந்த அளவு நுணுக்கத்தை எவரும் இன்னும் கேட்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். இழைக்கும் கைக்கும் விலைக்கும் நடுவே வடிவமைப்பு, அளவுக் கட்டுப்பாடு, முடிப்பு, கணக்கு என்று சில வேலைகள் இருக்கின்றன. உங்கள் மகள் படிக்க வேண்டியது அவற்றைத்தான்.

அதற்கு உடனே கடல் கடக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் பீடத்திலும், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் காண்பியக் கலைப் பட்டப்படிப்பு உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டம் உண்டு. இத்தகைய கற்கைநெறிகளுக்கு உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளி மட்டும் போதாது, அத்துறைக்கான திறமையைப் பார்க்கும் உளச்சார்புப் பரீட்சையும் இருக்கும் என்பதால், அதற்கான அறிவித்தலைத் தவறவிட்டு ஒரு வருடத்தை இழக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறேன். பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை வாங்கி, அந்தப் பக்கங்களை மகளோடு அமர்ந்து வாசியுங்கள்.

அகமதாபாத்தில் 1961 இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம் போன்றவை சிறந்தவைதாம். ஆனால் அங்கே நுழைவுத் தேர்வும் ஆங்கிலமும் செலவும் ஒன்றாக வந்து நிற்கும். இந்திய அரசின் புலமைப்பரிசில்களை இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கும்போது நேரடியாக விண்ணப்பியுங்கள். இடம் எடுத்துத் தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்பவரிடம் காணி உறுதியை ஈடு வைத்துக் காசு கொடுக்க வேண்டாம். என் கருத்துப்படி, இங்கே முதற்பட்டம் முடித்து, தனக்கென்று ஒரு கைத்தொழிலை ஊன்றிக் கற்ற பின்னர் மேற்படிப்புக்காக இந்தியா செல்வதே அவருக்குப் பயன்தரும்.

பெறுபேறு வரும் வரையிலான மாதங்களில் மகள் உங்களிடமே பத்துப் பெட்டிகள் இழைத்துப் பழகட்டும். ஒவ்வொன்றுக்கும் சென்ற நேரம், ஓலை, சாயம், பேருந்துக் கட்டணம் அனைத்தையும் ஒரு கொப்பியில் எழுதட்டும். ஒரு பெட்டிக்கு ஆறு மணித்தியாலமும் 200 ரூபாய்ச் செலவும் போய், அது 800 ரூபாய்க்கு விலைப்பட்டால், மணித்தியாலத்துக்கு 100 ரூபாய்தான் மிஞ்சும். அந்தத் தொகையை எப்படி உயர்த்துவது என்று அவர் யோசிக்கத் தொடங்கினால், அவருக்கு இத்துறை பொருந்தும். கணக்கு அலுத்து, வரைவதில் மட்டும் மனம் நின்றால், சித்திர ஆசிரியப் பணியைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்று, இது உங்களுக்கு. தேசிய தொழில் தகைமை முறையில், பாடநெறி எதுவும் படிக்காமல் அனுபவத்தால் தேர்ந்தவர்களுக்கு முன்கற்றலை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு உண்டு. நீங்கள் செய்யும் வேலைக்கு அது பொருந்துமா என்பதை நான் விசாரித்து வைக்கிறேன். கொப்பியோடு மகள் என்னைப் பார்க்க வரும் நாளில் நீங்களும் கூட வாருங்கள்.