வாழைக் கேள்வி-பதில்: பழைய கட்டையைத் தோண்டலாமா?

பர்மிய வாழைகளான ஃபீஜான், தீம்வே இரண்டையும் மொந்தனையும் அருகருகே வைத்தால் ரகம் கலந்துவிடாதா? (தட்டோன்)

கலக்காது. கன்று தாயைப் போலவேதான் வரும். பக்கத்தில் காட்டு வாழை பூத்தால் ஃபீஜானில் ஓரிரு விதை பல்லில் கடிபடலாம், அவ்வளவுதான்.

வாழை மஞ்சளாகிறது. என்ன மருந்து அடிக்க? (பகோ)

எந்த ரகம், எத்தனை மாதம், அடியிலையா குருத்தா, ஒன்றும் எழுதவில்லை. நான் என்ன ஜோசியனா? தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் வாடல் நோய், மருந்துக்குக் கட்டுப்படாது. இலை சிறுத்து உச்சியில் கொத்தாக நின்றால் முடிக்கொத்து நோய். அதைப் பரப்பும் அசுவினிப் பூச்சியை முதலில் கொன்றுவிட்டு, கிழங்கோடு தோண்டி எடுங்கள். அதில் கன்று பிரித்து மச்சானுக்குக் கொடுக்காதீர்கள்!

விருந்துக்கு எந்த இலை? (மோல்மீன்)

மொந்தன். குழம்பு ஊற்றினாலும் கிழியாது.

அரை ஏக்கர் இருக்கிறது. பழைய கட்டைகளைத் தோண்டிவிட்டு, முழுக்கத் திசு வளர்ப்பில் (ஆய்வுக்கூடத்தில்) உருவாக்கிய கேவண்டிஷ் ரகம் போடலாமா? (பகோ)

மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறீர்கள். திசுக் கன்று சுத்தமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மண் சுத்தமாகிவிடாது. உலகச் சந்தையில் ஒரு காலத்தில் குரோ மிஷேல் என்ற ரகம் ஒன்றுதான் பழம். 1950களில் வாடல் நோய் அதைச் சுருட்டியது. அந்த இடத்துக்கு வந்ததுதான் கேவண்டிஷ். இப்போது அதையே வீழ்த்தும் டிஆர்4 என்ற வாடல் பூஞ்சை வந்துவிட்டது, நம் வடக்கே கச்சின் மாநிலப் பக்கத்திலும் கண்டிருக்கிறார்கள். மண்ணில் இருபது, முப்பது வருஷம் கிடக்கும். பல ரகம் வைத்தால் நோயே வராது என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாம் ஒரே நாளில் போகாது.

அப்புறம், வீட்டுக்கு வாழை என்றால் பழம் மட்டுமா? மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸுக்குத் தண்டு வேண்டும், பொரியலுக்குப் பூவும் காயும் வேண்டும். பர்மாக்காரர் தேங்காயைச் சுற்றிச் சீப்பு அடுக்கும் கடோப்வெ காணிக்கைத் தட்டுக்கு ஃபீஜான் கேட்டுத்தான் வருவார்கள். கேவண்டிஷை நீட்டிப் பாருங்கள், முகம் சுளிப்பார்கள். விற்பனைக்குப் பாதி நிலம் போடுங்கள், மீதியில் பழைய ரகங்களைத் தொடாதீர்கள்.

கன்று எப்படிப் பொறுக்குவது? (ரங்கூன்)

இரண்டு கிலோ கிழங்குள்ள, இலை குறுகலான ஈட்டிக்கன்று. அகல இலை நீர்க்கன்று வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன்: மண்ணோடு கொண்டுவராதீர்கள், நோயும் கூடவே வரும். சந்தைக் கன்றை உதறாமல் நட்டு, நானே இரண்டு வரிசை இழந்திருக்கிறேன்.