வாரம் இரண்டு குளியல், ஆனாலும் நாற்றம்: நாய் வளர்க்கும் வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: டாக்டர், எங்கள் நாயை வாரத்துக்கு இரண்டு முறை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறோம். நாங்கள் தலைக்குப் போடும் அதே ஷாம்புதான். மறுநாளே மறுபடி நாறுகிறது. குளியலை இன்னும் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள், குறையுங்கள். முதலில் அந்த ஷாம்புவை நிறுத்துங்கள். நம் தோல் கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டது, நம் ஷாம்பு அதற்கேற்பச் செய்யப்பட்டது. நாயின் தோல் நடுநிலைக்கு நெருக்கமானது, நம்முடையதைவிட மெல்லியதும்கூட. அதில் வாரம் இரண்டு முறை நம் ஷாம்புவைத் தேய்த்தால் இயற்கையான எண்ணெய்ப் பசை போய், தோல் வறண்டு, அரிப்பெடுத்து, சொறிந்த இடத்தில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் பெருகி, எந்த நாற்றத்தைப் போக்கக் குளிப்பாட்டினீர்களோ அதுவே கூடுதலாகத் திரும்பி வரும். தோல் நோய் இல்லாத நாய்க்கு, நாய்களுக்கென்றே உள்ள ஷாம்புவில் மாதம் ஒரு குளியல் பொதுவாகப் போதும். சேற்றில் புரண்டுவிட்டு வந்தால் அது வேறு விஷயம், கழுவித்தான் ஆக வேண்டும்.

ஆனால் ஷாம்புவை மாற்றினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நாற்றம் உடம்பில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து முகர்ந்து பாருங்கள், பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும். காதிலிருந்து புளித்த வாடை வந்தால் ஈஸ்ட் தொற்றாக இருக்கலாம். நாயின் காதுக்குழாய் நேராக உள்ளே போகாமல், நம் 'ட' எழுத்தைப் போலக் கீழே இறங்கிப் பிறகு உள்பக்கம் திரும்புகிறது. குளிக்கும்போது புகுந்த தண்ணீர் அங்கே தங்கிவிடும், தொங்கு காது நாய்களுக்கு இன்னும் மோசம். பஞ்சுக்குச்சியை விட்டுக் குடையாதீர்கள், அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். வாயிலிருந்து வாடை வந்தால் பல்லில் காரை படிந்து ஈறு வீங்கியிருக்கலாம். பின்பக்கத்திலிருந்து மீன் வாடை அடித்து, நாய் தரையில் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே நகர்ந்தால் மலவாயின் இருபுறமும் உள்ள சுரப்பிகள் அடைத்திருக்கின்றன, அதை மருத்துவர் அழுத்தி வெளியேற்றிவிடுவார். இவை எதுவும் ஷாம்புவால் போகிற நாற்றமில்லை.

அப்புறம், குளிப்பாட்டும் முன் ரோமத்தைச் சீவிவிடுங்கள். சிக்கு ஈரமானால் இறுகிவிடும், அதனடியில் ஈரம் தங்கித் தோல் புண்ணாகும். குளித்த பின் அடி ரோமம் வரை காய வேண்டும், மேலாகத் துவட்டினால் போதாது. என்னைக் கேட்டால் குளியலைவிடச் சீவுவதுதான் பெரிய வேலை. தினமும் சில நிமிடம் சீவுகிறவர்கள் கட்டி, புண், உண்ணி, வலி எதுவானாலும் மற்றவர்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் கை நாயின் உடம்பு முழுக்கப் போய் வருகிறது.

கேள்வி: பல் துலக்கிவிட வேண்டும் என்கிறார்களே, உண்மையிலேயே அவசியமா? நம் பற்பசையைப் பயன்படுத்தலாமா?

பதில்: அவசியம். நம் பற்பசை கூடாது. அதில் ஃபுளோரைடு இருக்கும், சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பும் இருக்கும், நாய் அதைத் துப்பாமல் விழுங்கிவிடும். நாய்க்கான பற்பசையை விரலில் தடவி முதலில் ருசிக்கக் கொடுங்கள், சில நாள் கழித்து ஈறைத் தொடுங்கள், அதற்கும் பிறகு பிரஷ். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், ஆனால் அத்தனையிலும் உள்பக்கம் தேய்க்கப் போராட வேண்டாம், கன்னத்தைத் தொடும் வெளிப்பக்கத்தைத் தினமும் தேய்த்தாலே பெரிய பலன்.

கேள்வி: வெயில் தாங்காது என்று எங்கள் நாயின் அடர்ந்த ரோமத்தை மொத்தமாக மழித்துவிட நினைக்கிறோம். சரியா?

பதில்: மேலே நீளமாகவும் அடியில் பஞ்சு போலவும் இரண்டு அடுக்கு ரோமம் உள்ள இனமென்றால் மழிக்காதீர்கள். நாய் நம்மைப்போல உடம்பு முழுக்க வியர்ப்பதில்லை. வியர்வை பாதங்களில் மட்டும்தான் கொஞ்சம், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதால்தான் அது சூட்டைத் தணிக்கிறது. மழித்தால் வெயில் நேராகத் தோலைச் சுடும், ரோமமும் சில நாய்களுக்குப் பழையபடி வளராமல் திட்டுத் திட்டாக நின்றுவிடும். உதிர்ந்த அடி ரோமத்தைச் சீவி எடுத்தாலே காற்று உள்ளே போகும். சிக்கு விழுந்து சீவவே முடியாத நிலை என்றால் மழிப்பதைத் தவிர வழியில்லை, அது தனிக்கதை.

வெயிலில் நாய் விடாமல் இரைத்து, எச்சில் கெட்டியாக ஒழுகி, தள்ளாடினால் உடனே உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிவிடுங்கள், குளிர்விக்கத் தொடங்கிய பிறகு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அது வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்), உயிரைக் கொண்டுபோகக்கூடியது. தட்டை முக நாய்களுக்கு இது சுலபமாக வரும். நிறுத்திய காருக்குள் எந்த நாயையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஐந்து நிமிடம்தானே என்றும் போகாதீர்கள்.

கேள்வி: உண்ணிக்கு எத்தனை முறை மருந்து போட்டாலும் திரும்ப வந்துவிடுகிறது. பிடுங்கிப் பிடுங்கி அலுத்துவிட்டது. வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது.

பதில்: பூனை இருப்பதைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. நாய்களுக்கான சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாத அது பூனைக்கு வலிப்பை வரவழைத்துக் கொன்றுவிடக்கூடும். நாயின் மேல் தடவிய மருந்து காயும் முன் பூனை அதோடு உரசினாலே போதும். எனவே எந்த மருந்தானாலும் பூனை இருப்பதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

திரும்பத் திரும்ப வரக் காரணம், உண்ணி நாயின் மேல் இருப்பதைவிட வீட்டில் இருக்கும் நேரம்தான் அதிகம். வீடுகளில் நாம் பார்க்கும் பழுப்பு நாய் உண்ணி, குஞ்சாக ஒரு முறை, இளம் உண்ணியாக ஒரு முறை, வளர்ந்த பிறகு ஒரு முறை என்று மூன்று பருவத்திலும் நாயின் மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டு ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிவிடுகிறது. சட்டை உரிப்பது சுவர் விரிசலில், முட்டையிடுவதும் அங்கேதான், ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இரத்தமில்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதற்குத் தெரியும். நாய்க்கு ஒரு முறை மருந்து போட்டுவிட்டு உண்ணி ஒழிந்தது என்று விட்டால், விரிசலில் இருந்தவை அடுத்தடுத்து ஏறி வரும். அதனால் நாய்க்கு மருந்தை இடைவெளி விடாமல் பல மாதங்கள் தொடர வேண்டும், நாய் படுக்கும் துணியைச் சுடுநீரில் துவைக்க வேண்டும், விரிசல்களை அடைக்க வேண்டும். இந்த உண்ணி சுவரில் மேலே ஏறும் பழக்கம் உள்ளது, தரையோடு நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையாகக் கொடுக்கும் உண்ணி மருந்துகள் நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிடுங்கும்போது இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுங்கள். நெருப்பு, மண்ணெண்ணெய், எண்ணெய் எதுவும் வேண்டாம், விரலால் நசுக்கவும் வேண்டாம். உண்ணி கடித்த நாய்க்குச் சில நாளோ சில வாரமோ கழித்துக் காய்ச்சல் வந்து, சாப்பாட்டை விட்டு, ஈறு வெளுத்தால், அல்லது மூக்கில் இரத்தம் வந்தால் காத்திருக்காமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எர்லிக்கியா, பபீசியா இரண்டும் உண்ணியால் வருபவை, சீக்கிரம் பிடித்தால் மருந்து கேட்கும்.

கேள்வி: மூக்கு காய்ந்து சூடாக இருந்ததால் காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் பாதி மாத்திரை கொடுத்துவிட்டேன். ஒன்றும் ஆகாதுதானே?

பதில்: உடனே மருத்துவரைக் கூப்பிட்டு நாயின் எடையையும் கொடுத்த அளவையும் சொல்லுங்கள், சின்ன நாயென்றால் நேரிலேயே கொண்டு போங்கள். பாராசிட்டமால் நாயின் கல்லீரலையும் இரத்தச் சிவப்பணுக்களையும் கெடுக்கக்கூடியது. ஐபுப்ரோஃபென் வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இனி நம் வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்.

மூக்கை வைத்துக் காய்ச்சலைச் சொல்லவே முடியாது, தூங்கி எழுந்த நல்ல நாய்க்கும் மூக்கு காய்ந்திருக்கும். நாயின் உடல் வெப்பம் இயல்பாகவே நம்மைவிட அதிகம், 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. அதனால் தொட்டால் எப்போதுமே சூடாகத்தான் தெரியும். வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பார்ப்பது ஒன்றுதான் நம்பகமான வழி.

கேள்வி: கையளவு உலர் திராட்சை தின்றுவிட்டது. நன்றாகத்தான் விளையாடுகிறது. பார்த்துக்கொண்டிருக்கலாமா?

பதில்: கூடாது. திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடக்கூடும், அறிகுறி தெரியும்போது பாதிப்பு முற்றியிருக்கும். தின்ற ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போனால் மருத்துவரே வாந்தி எடுக்க வைத்துவிடுவார். நீங்களாக உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது தனியாக ஒரு விஷம். சாக்லேட், வெங்காயம், பூண்டு, சர்க்கரை இல்லாத சூயிங்கம் இவற்றுக்கும் இதே அவசரம்தான்.

கேள்வி: நகம் வெட்ட உட்கார்ந்தாலே ஓடி ஒளிகிறது. நகமும் கறுப்பு, இரத்தக்குழாய் தெரிவதில்லை.

பதில்: ஒரே நாளில் எல்லா நகத்தையும் வெட்ட வேண்டும் என்று யார் சொன்னது? இன்றைக்கு ஒரு நகம், ஒரு தின்பண்டம், அவ்வளவுதான். வெட்டாத நாள்களிலும் பாதத்தைப் பிடித்து விரல்களைத் தொட்டு விளையாடுங்கள். கறுப்பு நகத்தை மெல்லிய சீவல்களாக வெட்டிக்கொண்டே வாருங்கள், வெட்டிய முகத்தின் நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்துங்கள், அடுத்தது சதை. இரத்தம் வந்துவிட்டால் மக்காச்சோள மாவை (கார்ன்ஃப்ளோர்) அழுத்திப் பிடியுங்கள். உள்பக்கம் மேலே தனியாக நிற்கும் நகத்தை மறக்காதீர்கள். அது தரையில் தேயாது, வளைந்து சதைக்குள் குத்திவிடும்.

கேள்வி: குட்டிக்கு இரண்டு மாதம். ஒரு தடுப்பூசி போட்டாயிற்று. வெளியே கூட்டிப்போகலாமா?

பதில்: தூக்கிக்கொண்டு போங்கள், தரையில் விடாதீர்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசியை வேலை செய்ய விடாது, அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஒரு ஊசி போட்டாயிற்றே என்று நடுவில் விட்ட குட்டிகளைத்தான் பார்வோ வைரஸ் பிடிக்கிறது. 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், வாந்தியும் இரத்தப்பேதியுமாக ஒரு வாரத்துக்குள் குட்டியைக் கொன்றுவிடக்கூடியது.

அதற்காக வீட்டுக்குள் பூட்டியும் வைக்காதீர்கள். மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மூன்றரை மாதம் வரை பார்ப்பதையும் கேட்பதையும்தான் குட்டி இயல்பானது என்று ஏற்றுக்கொள்ளும். வண்டிச் சத்தம், குடை, குழந்தைகள், தாடி வைத்தவர்கள், எல்லாவற்றையும் கையிலிருந்தே காட்டுங்கள். தடுப்பூசி போட்ட, நலமான பெரிய நாய்களோடு வீட்டில் பழகலாம். வெறிநாய்க்கடி ஊசியை 12 வாரமானதும் தவறாமல் போட்டுவிடுங்கள், வீட்டைத் தாண்டாத நாய்க்கும்தான். குட்டி கீறினாலோ கடித்தாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எவ்வளவு போட்டாலும் பசி என்று பார்க்கிறது, மனசு கேட்கவில்லை. கொஞ்சம் குண்டாக இருந்தால் என்ன?

பதில்: ஆயுள் குறைகிறது. 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி சேர்த்து, ஒரே ஈற்றில் பிறந்த ஒன்றைவிட இன்னொன்றுக்கு 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். 2002ல் வெளியான அந்த முடிவில், ஒல்லியாக இருந்தவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வலியும் தாமதமாகவே வந்தது. விலாவை லேசாகத் தடவினால் எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அளவைக் குறையுங்கள், கருத்தடை செய்த நாய்க்கு இன்னும் கவனம் வேண்டும். பார்க்கிற பார்வைக்கு உணவுக்குப் பதில் ஒரு நடை கூட்டிப்போங்கள், பெரும்பாலான நாய்கள் அதற்கும் அதே அளவு சந்தோஷப்படும்.

கேள்வி: கருத்தடை செய்யாத எட்டு வயதுப் பெண் நாய். பருவம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. சாப்பிடாமல் தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கிறது.

பதில்: இதைப் படித்ததும் கிளம்புங்கள், இரவானாலும் பரவாயில்லை. கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். சீழ் வெளியே வராதபடி கருப்பை வாய் மூடிக்கொள்வதும் உண்டு, அதனால் கசிவு இல்லை என்று தைரியமாக இருக்காதீர்கள். ஸ்கேனில் தெரிந்துவிடும். உறுதியானால் அறுவை சிகிச்சைதான் வழி, நேரத்தோடு போனால் பெரும்பாலானவை பிழைத்துவிடுகின்றன.

கேள்வி: முகத்தில் நீளமாக இருக்கும் மீசை முடியை அழகுக்காக வெட்டலாமா?

பதில்: வேண்டாம். அதன் வேரில் நரம்புகள் நிறைய உண்டு, இருட்டிலும் நெருக்கமான இடத்திலும் நாய் அதை வைத்துத்தான் தடவிப் பார்க்கிறது. யாராவது வெட்டிவிட்டாலும் பயப்பட வேண்டாம், வளர்ந்துவிடும்.