ஐந்து வயது மகளுக்கு இன்னும் எழுத வரவில்லை, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாமா?

எழுத வரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அதைக் கற்றுக்கொடுக்கத்தானே ஒன்றாம் வகுப்பு! நான் முதலில் பார்ப்பது வேறு. பாத்ரூம் போக வேண்டும் என்று புது ஆசிரியரிடம் வாய்விட்டுக் கேட்பாளா? கொஞ்சம் சிந்தினாலும் டிபன் பாக்ஸைத் தானே திறந்து சாப்பிடுவாளா? "செருப்பைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்து வா" என்றால் இரண்டையும் ஞாபகம் வைத்துச் செய்கிறாளா? கேட்ட கதையைத் தன் பாணியில் திரும்பச் சொல்கிறாளா? இதையெல்லாம் ஒரே நாளில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பசியிலோ தூக்கக் கலக்கத்திலோ எந்தக் குழந்தையும் சொன்னபடி செய்யாது. சில வாரங்கள் கவனியுங்கள்.

அவள் பேசுவது வெளியாட்களுக்குப் புரியவில்லை என்றால், முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம், வயது. தமிழ்நாட்டில் 5 வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கையோ 6 என்கிறது. ஆகவே இன்னும் ஒரு வருடம் யூகேஜியிலோ அங்கன்வாடியிலோ இருந்தால் அவள் பின்தங்கிவிட மாட்டாள். பள்ளியில் நுழைவுத் தேர்வு வைத்தால் தயங்காமல் கேளுங்கள்: சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ அப்படி வடிகட்டக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு.