பகிடி, நக்கல், ஏளனம்: ஆங்கிலத்தில் எதற்கு எது?

கேள்வி: மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அகராதியில் 'டீஸ்', 'மொக்', 'ரிடிகியூல்' மூன்றுக்கும் 'கேலி செய்' என்றே போட்டிருக்கிறது. மூன்றும் ஒன்றுதானா? (ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: இல்லை. பகிடி வேறு, நக்கல் வேறு, ஏளனம் வேறு என்று நாங்கள் பிரித்துப் பேசுவதை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும்.

'டீஸ்' பகிடிக்குக் கிட்ட நிற்பது. தலைமயிர் வெட்டிக்கொண்டு வந்த தம்பியிடம் "எந்த எலியடா கடிச்சது?" என்று அக்கா கேட்டால் அது டீஸ். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல், ஆட்டு ரோமத்தை இழை இழையாகப் பிரித்துச் சிக்கெடுப்பதைக் குறித்தது. சிக்கெடுத்தால் கொஞ்சம் இழுபடும், கொஞ்சம் நோகும். இன்றைய டீஸிலும் அவ்வளவு நோவு உண்டு. சில வேளை கூடவே நோகும். ஆனாலும் சொல்லில் முன்னுக்கு நிற்பது விளையாட்டுத் தொனிதான். (கூட்டத்தில் பேசுகிறவரை இடைமறித்துக் குழப்பும் 'ஹெக்ள்' என்ற சொல்லும் ஒரு சீப்பின் பெயர்தான், சணல் நாரைச் சீவும் இரும்புச் சீப்பு. ஆங்கிலேயருக்குக் கேலியும் சிக்கெடுப்பும் ஒரே வீட்டு வேலை போல.)

'மொக்' என்பதில் பாவனை கலந்திருக்கிறது. பாடசாலையில் மகள் எழுதப்போகும் 'மொக் எக்ஸாம்' அசலைப் போலவே நடக்கும் பாவனைப் பரீட்சை அல்லவா? ஒருவரை மொக் பண்ணும்போதும் பெரும்பாலும் அவருடைய பேச்சையோ நடையையோ செய்து காட்டுவார்கள். நாங்கள் 'பழிப்புக் காட்டுதல்' என்கிறோமே, அது. பாவனை இல்லாமலும் மொக் பண்ணலாம். அவமரியாதை இல்லாமல் முடியாது.

'ரிடிகியூல்' சிரிப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. ஒரு ஆளையோ அவருடைய கருத்தையோ மற்றவர்கள் சிரிக்கும்படி ஆக்கிச் சிறுமைப்படுத்துவது, அதாவது ஏளனம். ஒரு எச்சரிக்கை: 'ரிடிகியூலஸ்' என்றால் கேலிக்காரன் என்று பொருளில்லை, அபத்தமானது என்று பொருள். "மை பிரதர் இஸ் ரிடிகியூலஸ்" என்று மகள் எழுதினால், தம்பி பகிடி விடுகிறவன் என்று ஆகாது. தம்பியே ஒரு பகிடி என்று ஆகிவிடும். எழுதும்போது ஆர் எழுத்துக்கு அடுத்து வருவது ஐ. காதுக்கு 'ரெ' மாதிரிக் கேட்பதால் பலர் அங்கே ஈ எழுத்தைப் போட்டு ஒரு புள்ளியை இழக்கிறார்கள்.

கேள்வி: "ஹீ இஸ் மொக்கிங் அட் மீ" என்று எழுதினேன். ஆசிரியை 'அட்' என்பதை வெட்டிவிட்டார். "லாஃபிங் அட் மீ" சரியென்றால் இது ஏன் பிழை? (ஒரு மாணவர், கொட்டாஞ்சேனை)

பதில்: 'என்னைப் பார்த்துச் சிரித்தான்' என்பதில் உள்ள 'பார்த்து' உங்கள் மனதில் 'அட்' ஆகிவிட்டது. லாஃப், ஸ்கொஃப் (எள்ளி நகைத்தல்), ஸ்னியர் (இகழ்ச்சியாக இளித்தல்) மூன்றுக்கும் அது வேண்டும். மொக், டீஸ், ரிடிகியூல், டிரைட் (ஏளனம் செய்தல்) என்பவற்றுக்கு வேண்டாம். எங்கள் இரண்டாம் வேற்றுமை மாதிரி ஆளின் பெயர் நேராக வரும். கூட்டமாகக் கத்தி அவமதிக்கும் 'ஜியர்' மட்டும் இரண்டு விதமாகவும் வரும். 'மேக் ஃபன்' என்றால் அடுத்து 'ஒஃப்', 'போக் ஃபன்' என்றால் 'அட்'. இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் கொப்பிகளில் அடிக்கடி காணும் பிழை. என்ன காரணத்துக்காகக் கேலி என்று சொல்ல 'அபவுட்' போடுங்கள்: "தே டீஸ்ட் ஹிம் அபவுட் ஹிஸ் ஷூஸ்."

செயப்பாட்டு வினையில் 'அட்' காணாமற் போகக் கூடாது. "ஐ வோஸ் லாஃப்ட் அட்" என்பதே முழு வசனம். பழைய ஆங்கில பைபிளில் 'மொக் அட்' இருக்கிறது, உண்மை. பரீட்சைத் தாளில் அதைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

கேள்வி: புறக்கோட்டையில் ஒரு நிறுவனத்தில் லிகிதராக வேலை செய்கிறேன். கூட்டங்களில் ஒருவர் என் ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்கிறார். மனிதவளப் பிரிவுக்கு "ஹீ இஸ் ஆல்வேஸ் டீசிங் மீ" என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். 'டீஸ்' என்று கண்டவுடன் வாசிக்கிறவர், 'சும்மா முசுப்பாத்திக்குச் செய்தது' என்று ஒதுக்க இடமுண்டு. 'ஆல்வேஸ்' என்பதும் கூடாது. ஒரு நாள் கேலி செய்யவில்லை என்று அவர் காட்டினாலே உங்கள் முறைப்பாடு ஆட்டம் கண்டுவிடும்.

முதலில் செயலை எழுதுங்கள். எந்தத் திகதி, எந்தக் கூட்டம், யார் யார் இருந்தார்கள், என்ன செய்தார். உச்சரிப்பைச் செய்து காட்டினார் என்றால் அதற்குரிய சொல் 'மிமிக்'. "ஹீ மிமிக்ட் மை அக்சென்ட் இன் ஃப்ரன்ட் ஒஃப் தி ஸ்டாஃப்." மிமிக் சி எழுத்தில் முடியும்; ஈடியோ ஐஎன்ஜியோ சேர்க்கும்போது நடுவில் ஒரு கே நுழைய வேண்டும். மிமிக்ரியில் கே இல்லை.

"வெரி குட் இங்கிலிஷ்!" என்று சொல்லிச் சிரித்திருந்தால் அந்தச் சொற்களை மேற்கோள் குறிக்குள் அப்படியே போட்டு, 'சர்காஸ்டிக்கலி' என்று சேருங்கள். சேர்க்காவிட்டால் தாளில் அது பாராட்டாகவே வாசிக்கப்படும். இத்தனைக்கும் பிறகு ஒரே ஒரு மதிப்பீட்டுச் சொல் போதும்: 'மொக்ட்' அல்லது 'ரிடிகியூல்ட்'. இரண்டையும் அடுக்கினால் கோபம் தெரியும், விஷயம் மங்கும். உங்களுக்கு என்ன ஆனது என்பதைக் கடைசியில் எழுதுங்கள்: "ஐ ஃபெல்ட் ஹியுமிலியேட்டட்." அதற்குப் பிறகு கூட்டங்களில் பேசுவதை நிறுத்திவிட்டீர்கள் என்றால், அதையும் தனி வசனமாக.

கேள்வி: "ஆர் யூ புல்லிங் மை லெக்?" என்பதை 'காலை வாருகிறாயா?' என்று மொழிபெயர்க்கலாமா? (பம்பலப்பிட்டி)

பதில்: கூடவே கூடாது. எங்கள் காலை வாருதல் துரோகம், நம்பவைத்து விழுத்துவது. அவர்களுடையது பொய்யொன்றைச் சொல்லி நம்பவைத்துச் சிரிக்கும் பகிடி. 'பகிடியா விடுறாய்?' என்று போடுங்கள், அச்சாகப் பொருந்தும்.

கேள்வி: பல்கலைக்கழகப் பகிடிவதையை 'ராகிங்' என்கிறோம். வெளிநாட்டவருக்கு இது விளங்குமா?

பதில்: தென்னாசியர்களுக்கு விளங்கும். அமெரிக்கருக்கு 'ஹேசிங்' என்றால்தான் பிடிபடும். பிரித்தானியாவில் 'ராக்' என்பது மாணவர்கள் வேடிக்கைகள் நடத்தித் தருமத்துக்குப் பணம் சேர்ப்பதற்கும் பெயர், ஆகவே அங்கே எழுதும்போது ஒரு வரி விளக்கம் சேருங்கள். எங்கள் இலங்கைச் சட்டத்தில் பகிடிவதை விளையாட்டே இல்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், உடற்காயத்தோடு உளக்காயம், மனவேதனை, பயம் ஆகியவற்றை விளைவிக்கும் செயலையும் ராகிங் என்றே வரையறுக்கிறது. தண்டனை 2 ஆண்டு வரை கடூழியச் சிறை; பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ சேர்ந்தால் 10 ஆண்டு வரை. 'பகிடி'யும் 'வதை'யும் ஒட்டிய எங்கள் சொல்லில் பின்பாதிதான் சரியான மொழிபெயர்ப்பு.

கேள்வி: பஸ்ஸில் பெண்களுக்குச் சேட்டை விடுவது 'ஈவ் டீசிங்' தானே?

பதில்: இந்தியப் பத்திரிகைகளில் புழங்கிய சொல். குற்றத்துக்குள் 'டீஸ்' புகுந்து அதைக் குறும்பாக்கிவிடுகிறது. பொலிஸ் முறைப்பாட்டில் 'செக்ஷுவல் ஹராஸ்மென்ட்' என்றே எழுதுங்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் இருக்கும் பெயரும் அதுதான்.

கேள்வி: 'டிரைசிவ்', 'டிரைசரி' இரண்டும் ஒன்றா?

பதில்: வேர் ஒன்று, வேலை வேறு. ஏளனமான சிரிப்பு டிரைசிவ். ஏளனம் செய்யும் அளவுக்குச் சொற்பமான சம்பள உயர்வு டிரைசரி. முகாமையாளருக்குக் கடிதம் எழுதும்போது மாற்றிப் போட்டுவிட்டால், உயர்வே உங்களைப் பார்த்துச் சிரித்ததாக அர்த்தமாகும். அதுவும் சில வேளை பொய்யில்லைத்தான்.