தலைமாட்டில் போன்

கேள்வி: எனக்கு 43 வயது. மனைவியும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளும் இருக்கிறார்கள். சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். ஆனால் அசுத்தமான எண்ணங்கள் என்னை விடுவதில்லை. திருவிருந்துக்கு முழங்காலில் நிற்கும்போதுகூட வருகின்றன. வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறேன். மனைவியின் தூக்கம் கெடக்கூடாது என்று ஒரு வருடமாக ஹாலில் படுத்து, போனில் அலாரம் வைத்து 4 மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன். அப்படியும் ஜெயமில்லை. உபவாசத்தை வாரம் இரண்டு நாளாக்கலாமா? எந்த வசனங்களை மனப்பாடம் செய்யலாம்? சபைப் போதகரான ஐயரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தம்பி, நீங்கள் உபவாசத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் ஹாலைப் பற்றிப் பேசுகிறேன்.

எண்ணங்கள் எப்போது வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கிருந்து வருகின்றன என்று எழுதவே இல்லை. இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வராத மாதமில்லை. எல்லாவற்றிலும் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கும். ஒருவருக்கு மொட்டைமாடி, இன்னொருவருக்குக் கடையின் பின்கட்டு. உங்களுக்கு ஹால்.

4 மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், சரி. ராத்திரி விளக்கை அணைத்ததிலிருந்து கண் அசரும்வரை அந்தப் போன் எங்கே இருக்கிறது? தலைமாட்டிலா, கையிலா?

அலாரம் கடிகாரம் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் இன்னும் சாவி கொடுக்கிற கடிகாரம்தான். அது அடித்தால் தெருவே எழுந்துவிடும். என் வீட்டுக்காரர் ஜெபிக்க எழுந்துபோவார், நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன். 30 வருடத்தில் என் தூக்கம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 'உனக்குத் தொந்தரவாக இருக்கிறதா' என்று நீங்கள் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

வசனம் கேட்டீர்களே, இதைப் படியுங்கள்: 1 கொரிந்தியர் 7:5. ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற வசனமில்லை, அதனால் கண்ணில் படாமல் போயிருக்கலாம். உபவாசத்துக்காகவும் ஜெபத்துக்காகவும் புருஷனும் மனைவியும் பிரிந்திருக்கலாம், ஆனால் இருவரும் சம்மதித்து, அதுவும் சிலகாலம்தான் என்கிறார் பவுல். அப்புறம் 'மறுபடியும் கூடிவாழுங்கள்' என்கிறார். ஏனென்றால் சாத்தான் தூண்டிவிடுவான். நீங்கள் சம்மதம் கேட்கவில்லை. சிலகாலம் ஒரு வருடமாகிவிட்டது. தூண்டுகிறான் என்று எனக்குக் கடிதம் போடுகிறீர்கள்!

யோபு 'என் கண்களோடே உடன்படிக்கைபண்ணினேன்' என்றார். மனதோடு பண்ணினேன் என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? பார்த்ததைத்தான் மனம் அசைபோடும். ராத்திரி பார்த்ததை ஞாயிற்றுக்கிழமை பீடத்தடியில் வைத்து மறக்கப் பார்த்தால் எப்படி மறக்கும்?

உங்கள் ஆத்துமாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியது அவள் தூக்கம் மட்டும்தான். புருஷன் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய் ஒரு வருடம். தன்னிடம் என்ன குறை என்று அவள் யோசிக்காத நாள் இருக்குமா? ஜெபத்துக்காகப் போயிருக்கிறவரை அவள் என்னவென்று கேட்பாள்? அவள் வாயை அடைக்க ஜெபத்தையே பயன்படுத்தியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் அங்கேதான். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வருகிற பிள்ளையும் இருக்கிறாள். போர்வைக்குள் வெளிச்சம் தெரிவதும், அப்பா சட்டென்று போனைக் கவிழ்த்துவைப்பதும் அவளுக்குப் புரியாதா?

இரண்டு நாள் உபவாசம் வேண்டாம். வெள்ளிக்கிழமை உபவாசத்தையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். அன்று சாயங்காலம் மூன்று பேரும் குடும்ப ஜெபம் பண்ணிவிட்டு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஐயரிடம் வெட்கமென்றால், சபையில் உங்களைவிட வயதில் மூத்த ஒருவரிடம் சொல்லுங்கள். 4ஆம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்துத் துறவிகள் தங்கள் நினைவுகளை ஒரு மூத்தவரிடம் வாய்விட்டுச் சொல்வதை வழக்கமாகவே வைத்திருந்தார்கள். குகையில் தனியாக இருந்தவர்களுக்கே அது தேவைப்பட்டது. மனைவியிடம் நீங்கள் பார்த்ததையெல்லாம் கொட்ட வேண்டாம், அந்தப் பாரம் அவளுக்கு எதற்கு? ஹாலுக்குப் போனதற்கு ஜெபம் மட்டும் காரணமில்லை, அவளிடம் எந்தக் குறையும் இல்லை என்பதை மட்டும் சொல்லியே ஆகவேண்டும்.

போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டுத் தலையணையோடு உள்ளே போங்கள். 'என்ன திடீரென்று?' என்று கேட்பாள். புதுக் கடிகாரம் வாங்கியிருக்கிறேன் என்று சொல்லித் தப்பித்துவிடாதீர்கள்.