மறு: தக்காளி பச்சையாகவே வாடுகிறது, சூடோமோனாஸ் ஊற்றியும் பலனில்லை

இலை மஞ்சளாகாமலே செடி திடீரென்று தொங்கிவிடுகிறது என்கிறீர்கள். பாக்டீரியா வாடல் நோயாகத்தான் இருக்கும். அடித்தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, வெட்டுமுனை மட்டும் நனையும்படி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அசைக்காமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போல வெள்ளையாக நூல் நூலாக இறங்கினால் இந்த நோயைத் தரும் ரால்ஸ்டோனியா பாக்டீரியாவேதான்.

மண்ணில் இருக்கும் இந்தக் கிருமி வேர்க் காயம் வழியாகவும், பக்கவேர் வெடித்து வரும் இடம் வழியாகவும் நுழையும். அப்புறம் தண்ணீர் ஏறும் குழாய்களில் பெருகி, பசையைச் சுரந்து அடைத்துவிடும். மண் ஈரமாக இருந்தும் செடி வாடுவது அதனால்தான்.

சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியா வேரைச் சுற்றித்தான் சண்டை போடும்: அங்குள்ள இரும்புச்சத்தைத் தான் பிடித்துக்கொள்ளும், சில ரகங்கள் ஆன்டிபயாடிக்கும் சுரக்கும். எதிரி குழாய்க்குள் போன பிறகு ஊற்றிப் பயனில்லை. நாற்றங்காலிலேயே வேரில் குடியேற்ற வேண்டும். அதுவும் நீங்கள் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லியோடு கலந்து ஊற்றியிருக்கிறீர்கள்! தாமிரம் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும்.

வாடியதை வேரோடு பிடுங்கி அகற்றுங்கள். அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகக்கூடாது. அடுத்து அங்கே இதே நோய் வரக்கூடிய கத்தரி, மிளகாய், உருளை வேண்டாம், மக்காச்சோளம் போடலாம். மறுபடியும் தக்காளிதான் என்றால், இந்த நோய்க்கு எதிர்ப்புள்ள வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்றாகப் பாருங்கள்.