பெரி கோமகனைக் கொன்ற லூவெல்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

1820 பிப்ரவரி 13 இரவு, பாரிஸ் ஓபரா (இசை நாடக அரங்கு) வாசலில் பிரெஞ்சு இளவரசர் பெரி கோமகன் குத்திக் கொல்லப்பட்டதைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். பல வருடமாகத் திரும்பத் திரும்ப நான் படித்து வருவது இந்த ஒரு இரவைத்தான். வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பிரெஞ்சு ராஜ குடும்பத்தைத்தான் புரட்சியிலேயே கில்லட்டினில் ஏற்றிவிட்டார்களே, 1820-ல் இளவரசர் எங்கிருந்து வந்தார்?

பதில்: தலை போனது 16-ம் லூயிக்கு. அவருடைய இரண்டு தம்பிகளும் வெளிநாட்டுக்குத் தப்பிவிட்டார்கள். நெப்போலியன் வீழ்ந்ததும் 1814-ல் பெரிய தம்பி 18-ம் லூயி என்ற பெயரில் அரியணை ஏறினார். சின்னத் தம்பி அர்த்துவா பிரபு, அவருடைய இரண்டாவது மகன்தான் நம்முடைய பெரி. மன்னர் இவருக்குப் பெரியப்பா முறை.

கேள்வி: அப்படியானால் வரிசையில் மூன்றாவதாக நிற்கிறவர். மன்னரை விட்டுவிட்டு இவரை ஏன் கொல்ல வேண்டும் சார்?

பதில்: கொலையின் முழுக் காரணமும் இதில்தான் இருக்கிறது. மன்னருக்குப் பிள்ளை இல்லை, மனைவியும் இறந்துவிட்டார், கீல்வாதத்தால் நடப்பதே சிரமம். பெரியின் அண்ணன் அங்குலேம் கோமகனுக்குக் கல்யாணமாகி இருபது வருடம், அண்ணி வேறு யாருமில்லை, 16-ம் லூயியின் மகள் மரி தெரேஸ், ஆனால் அவர்களுக்கும் குழந்தை இல்லை. மிச்சம் இருந்தது பெரி ஒருவர்தான். 1816-ல் நேப்பிள்ஸ் இளவரசி கரோலினை மணந்தார், 1819-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது, பெண் பிள்ளை அரியணை ஏற அங்கே வழி இல்லை. வம்சம் தழைக்க வேண்டும் என்றால் பெரிக்கு ஒரு மகன் பிறந்தாக வேண்டும். அதைத் தடுக்கத்தான் இவரை முதலில் தேர்ந்தெடுத்தேன் என்று லூவெல் விசாரணையில் ஒளிக்காமல் சொன்னான்.

கேள்வி: அந்த இரவு என்னதான் நடந்தது? பாதுகாப்பு இல்லையா?

பதில்: ஞாயிற்றுக்கிழமை, தவக்காலத்துக்கு முந்தைய கார்னிவல் நாட்கள். ரிஷலியூ தெருவிலிருந்த ஓபராவில் நிகழ்ச்சி முடியும் முன்பே கரோலின் களைத்துப்போய் வீட்டுக்குக் கிளம்பினார். அவரை வண்டியில் ஏற்றிவிட்டு மீதியைப் பார்க்கலாம் என்று பெரி வாசல் வரை வந்தார். காவலர்கள் இருந்தார்கள்தான், ஆனால் லூவெல் பாய்ந்து வந்து தோளைப் பிடித்து வலது மார்பில் குத்திவிட்டு ஓடியது சில நொடிகளில் முடிந்துவிட்டது. யாரோ இடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். ஆயுதம் மார்பிலேயே நின்றது, பெரியே அதைப் பிடுங்கினார். பக்கத்துத் தெருவுக்குள் லூவெல் பிடிபட்டான்.

ஓபரா கட்டடத்துக்குள்ளேயே ஓர் அறையில் அவரைப் படுக்க வைத்தார்கள். கொஞ்ச நேரம் வரை மேடையில் ஆட்டமும் இசையும் நடந்துகொண்டே இருந்திருக்கின்றன, சுவருக்கு இந்தப் பக்கம் மனைவியின் உடையெல்லாம் இரத்தம். அன்றைய பெரிய அறுவை மருத்துவர் துபுய்த்ரன் வந்து காயத்தை அகலப்படுத்திப் பார்த்தார், பயனில்லை. லண்டனில் நாடு கடந்து வாழ்ந்த காலத்தில் ஏமி பிரவுன் என்ற ஆங்கிலேயப் பெண்ணிடம் தனக்குப் பிறந்த இரண்டு மகள்களையும் அப்போதுதான் பெரி வரவழைத்து மனைவி கையில் ஒப்படைத்தார், கரோலினும் அவர்களை ஏற்றுக்கொண்டார். விடியும் முன்பு மன்னர் வந்ததும் இவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: என்னைக் குத்தியவனின் உயிரை விட்டுவிடுங்கள். காலை ஆறரை மணி அளவில் உயிர் பிரிந்தது. முன்கோபக்காரர் என்று பெயர் எடுத்த மனிதர், தன்னைக் கொன்றவனுக்காகக் கடைசி மூச்சில் கெஞ்சியிருக்கிறார். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

கேள்வி: லூவெல் யார்? பின்னால் பெரிய கூட்டம் இருந்திருக்குமே?

பதில்: கூட்டம் இல்லை. லூயி பியர் லூவெல், 1783-ல் வெர்சாயில் பிறந்தவன், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. நெப்போலியன் மீது பக்தி, அவர் நாடு கடத்தப்பட்டு எல்பா தீவில் இருந்தபோது அங்கேயே போய் வேலை பார்த்தவன். பிறகு, நம்பக் கஷ்டமாக இருக்கும், மன்னரின் குதிரை லாயத்திலேயே சேணம் தைக்கச் சேர்ந்துவிட்டான். அந்நியப் படைகளின் தயவில் திரும்பி வந்த பூர்போன் வம்சம், அதாவது இந்த ராஜ குடும்பம், நாட்டுக்கே அவமானம் என்ற எண்ணம் 1814-லிருந்தே அவனுக்குள் ஊறிக்கொண்டிருந்தது. வருடக் கணக்கில் சமயம் பார்த்துக் காத்திருந்தான். அதிகம் பேசாதவன், நண்பர்கள் கிடையாது. மாதக் கணக்கில் விசாரித்தும் கூட்டாளி என்று ஒருவரைக்கூடக் காட்ட முடியவில்லை.

கேள்வி: பிறகு ஏன் பிரதமர் தெகாஸ்மேல் பழி வந்தது?

பதில்: தீவிர அரச விசுவாசிகளுக்கு அவரை ஏற்கெனவே பிடிக்காது, மிதவாதி என்பதால். கொலைக்கு மறுநாளே நாடாளுமன்ற அவையில் ஓர் உறுப்பினர் எழுந்து, தெகாஸும் இதற்கு உடந்தை என்று குற்றம் சாட்டினார். ஆதாரம் எதுவும் இல்லை. மகன்போல நேசித்த தெகாஸை மன்னர் மனமில்லாமல் அனுப்பிவைத்தார். அப்புறம் வரிசையாகச் சட்டங்கள்: சதி செய்கிறான் என்று சந்தேகப்பட்டாலே மூன்று மாதம் வரை விசாரணையின்றி அடைக்கலாம், பத்திரிகைகளுக்கு முன்தணிக்கை, அதிக வரி கட்டும் பணக்காரர்களுக்கு இரண்டு ஓட்டு. சேணம் தைப்பவன் ஒருவன் தனியாகச் செய்த கொலைக்கு ஒரு நாட்டின் எழுத்தும் ஓட்டும் சுருங்கின. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

கேள்வி: பிரெஞ்சு மன்னர் 4-ம் ஹென்றியைக் கொன்ற ராவையாக்கைக் குதிரைகளால் கிழித்தார்களாமே, லூவெலையும் அப்படியா?

பதில்: இல்லை. ராவையாக் காலம் 1610. இடையில் புரட்சி வந்து சித்திரவதை மரணங்களை ஒழித்துவிட்டது. நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவை 1820 ஜூனில் லூவெலை விசாரித்தது, அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. ஜூன் 7 அன்று கிரேவ் சதுக்கத்தில் கில்லட்டின். பெரி கேட்ட கருணை கிடைக்கவில்லை.

கேள்வி: அவனைத் தியாகி என்று சொல்லலாமா அண்ணா?

பதில்: நான் சொல்ல மாட்டேன் தம்பி. அவன் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதற்காக, மனைவியை வண்டியேற்ற வந்தவரை ஓடிவந்து குத்தியது வீரம் ஆகாது.

கேள்வி: வம்சம் அழிந்ததா?

பதில்: அவன் கணக்கு அப்போதே தப்பிவிட்டது. கரோலின் கர்ப்பமாக இருந்தார், வெளியே யாருக்கும் தெரியாது. 1820 செப்டம்பர் 29-ல் ஆண் குழந்தை, பெயர் ஹென்றி, ‘அதிசயக் குழந்தை’ என்று கொண்டாடினார்கள், மக்களிடம் நிதி திரட்டி ஷாம்போர் கோட்டையை வாங்கிக் கொடுத்தார்கள். பத்தே வருடத்தில், 1830 புரட்சியில், குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போனான். 1870-களில் அரியணை மறுபடி கைக்கெட்டும் தூரத்தில் வந்தபோது, புரட்சியின் மூவர்ணக் கொடியை ஏற்க மாட்டேன், முன்னோரின் வெள்ளைக் கொடிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து இழந்தார். 1883-ல் பிள்ளையில்லாமல் இறந்தார்.

கேள்வி: பாரிஸ் போகிறேன், அந்த இடத்தைப் பார்க்க முடியுமா?

பதில்: ஓபராவை அந்த வருடமே மூடி இடித்துவிட்டார்கள். அங்கே ஒரு நினைவுச் சிற்றாலயம் எழும்பத் தொடங்கியது, 1830-க்குப் பிறகு அதையும் கைவிட்டார்கள். இப்போது அது லூவுவா பூங்கா, தேசிய நூலகத்தின் பழைய கட்டடத்துக்கு நேர் எதிரே. நடுவில் சேன், லுவார், கரோன், சோன் என்ற நான்கு ஆறுகளைப் பெண்களாகச் செதுக்கிய நீரூற்று இருக்கும். அதைத் தேடிப் போனால் போதும்.